கதவு திறந்தவன் வீட்டுத் தாழ்ப்பாள்

இந்தக் கதை முடியும்போது நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு, ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிட்டால் அப்புறம் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், முதலில் செத்துப்போன தளவாய் வரட்டும், எங்கள் ஊர் வரட்டும், பக்கத்து ஊர் சண்டைக்கு வரட்டும், பஸ் ஸ்டாண்டு கோமதிநாயகம் மாமா வரட்டும், அவரை நான் ஏமாற்றுகிறேன், அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம்.

என் பெயர் ஆவுடைச்செல்வி. கொம்புக்கோட்டை அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. என் தொண்டைக்குள் எண்பது பேர் குடியிருக்கிறார்கள், வாடகை கிடையாது, கூப்பிட்டால் வருவார்கள். எங்கள் தலைமையாசிரியை போல, "அங்க என்ன சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" என்று நான் ஸ்டாஃப் ரூம் சன்னலுக்கு வெளியே நின்று ஒரு தடவை சொன்னதில், உள்ளே வடை தின்றுகொண்டிருந்த மூன்று வாத்தியார்கள் கையில் வடையோடு வகுப்புக்கு ஓடியிருக்கிறார்கள். மினிபஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரி, ஈனுகிற ஆடு, ஈன்ற பிறகு ஆடு, எல்லாம் வரும். என் சொந்தக் குரல் எது என்று கேட்டால் மட்டும் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும்.

சரி, தளவாய். போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, சங்கரன்கோவில் பஸ் வந்து நிற்கிற நேரத்தில், கோட்டை மேட்டில், ஆளே இல்லாத இடத்தில், இருநூறு வருடத்துக்கு முன்னால் கும்பினிக்காரன் தூக்கில் போட்ட தளவாய் திருமலைக்கொழுந்து தன் படைக்கு வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தார். உருவம் கிடையாது, குரல் மட்டும்தான். வெண்கலப் பானைக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு குரல், "சங்கிலிக்கருப்பன்!" என்றது. பதில் இல்லை. பத்து நிமிடம் விட்டு மறுபடியும் "சங்கிலிக்கருப்பன்!" இப்படி ஏழு தடவை ஆன பிறகு, மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், அஞ்சாப்பு வரைக்கும் படித்தவர், ஆடுகள் மிரளுகிற எரிச்சலில், பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், "உள்ளேன் அய்யா!" என்று கத்தினார். குரல் அடங்கியது. அவர் அதே சங்கிலிக்கருப்பன் வம்சம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் பத்து நாற்பதுக்கு அடுத்த பெயர்.

யாரும் பயப்படவில்லை. எங்கள் ஊரில் செத்தவர் ஒருவர் பேசினால் முதலில் கேட்கிற கேள்வி, எந்தத் தெரு என்பதுதான். நாளுக்கு ஒரு பெயர், பெயருக்கு உரியவனின் வம்சத்தில் யாராவது ஒருவர் உள்ளேன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான், சொல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே பெயர், சொல்லுகிற வரைக்கும். நாலே நாளில் ஊர் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. தலைமையாசிரியை இடைவேளையைப் பத்து முப்பத்தைந்துக்கு மாற்றினார், ரேஷன் கடையில் பத்து நாற்பதுக்குத் தராசு நின்றது, மினிபஸ் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் அங்கேயே எஞ்சினை அணைத்தது, மின்வாரியத்துக்காரர்கள் அந்த நேரத்தில் கரண்ட்டை எடுக்க மாட்டோம் என்று தாங்களாகவே வந்து வாக்குக் கொடுத்தார்கள், தளவாய்க்குக் கரண்ட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பக்கத்து ஊர். ஓடைக்கு அந்தப் பக்கம் முள்ளிச்சேரி. கும்பினிக்கு எதிராக முதல் வாளை உருவியது எந்த ஊர் என்பதில் எங்களுக்கும் அவர்களுக்கும் இருநூறு வருடமாக வழக்கு. எங்கள் ஊர் நுழைவாயிலில், 'விடுதலையின் முதல் படி' என்று வளைவு கட்டியிருக்கிறோம். அடுத்த வருடமே முள்ளிச்சேரிக்காரர்கள், 'விடுதலையின் முதல் படிக்கும் முந்தைய படி' என்று வளைவு கட்டினார்கள், எழுத்து நிறைய என்பதால் வளைவு அகலம், அதனால் லாரி போக வசதி. தளவாயின் குரல் இரண்டு ஊருக்கும் ஒரே அளவில் கேட்டது என்பதுதான் பெரிய சங்கடம். முள்ளிச்சேரியிலிருந்து பால்வண்ணம் சார், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், ஒரு நீள நோட்டோடு தினமும் ஓடையைத் தாண்டி வந்து, மேட்டடி வேப்பமரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, எந்தப் பெயருக்கு எந்த ஊர்க்காரன் பதில் சொன்னான் என்று குறித்துக்கொண்டார். அவருக்கு எதிரே எங்கள் ஊர்த் தலைவர் பிச்சுமணி, அவருக்கும் ஒரு நாற்காலி.

"வே பிச்சுமணி, முப்பத்தொம்பது பேர்ல இருபத்துநாலு எங்காளு. எழுதிக்கிடும்."

"நல்லா எழுதுங்க சார். அந்த இருபத்துநாலும் எங்க கோட்டைக்குச் சோறு திங்க வந்ததுதான?"

"சோறு திங்க வந்தவன் எதுக்குவே சண்டையில சாவுதான்?"

"உங்க ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு அங்கயே கெடந்தா, அதுக்கும் முந்திச் செத்திருப்பான்லா."

நான் இரண்டு பேர் குரலையும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் சாப்பிடும்போது ஒரு வாய்க்கு பால்வண்ணம், ஒரு வாய்க்கு பிச்சுமணி. அம்மா மட்டும் சிரிப்பாள். அப்பா தச்சர், அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

நாற்பத்தாறாம் நாள் வந்த பெயர், "இருளாயி!" மேட்டில் நின்ற இருநூறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்பளை ஒருத்தி படையில் இருந்ததாக எந்த ஊர்ப் பாட்டிலும் இல்லை, எந்த வளைவிலும் இல்லை. பால்வண்ணம் சாரின் பேனா அந்தரத்தில் நின்றது. மூன்று நாள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இருளாயி, இருளாயி, இருளாயி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பெண்கள் சமைத்தார்கள், பரீட்சையில் பிள்ளைகள் விடைக்குப் பதில் இருளாயி என்று எழுதினார்கள். மூன்றாம் நாள், ஓடைக்கரைக் காலனியிலிருந்து வந்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நாற்பது பேர் நிமிர்ந்து, மேட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உள்ளோம்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்கள். குரல் அடங்கியது. இரண்டு நாற்காலிக்காரர்களும் அந்தப் பெயரை நோட்டில் எழுதவில்லை. அந்த நாற்பது குரலை என்னால் இன்றுவரை எடுக்க முடியவில்லை, முயற்சி செய்தேன், வரவில்லை.

சிரிப்பு வரும். இருங்கள்.

கோமதிநாயகம் மாமாவைச் சொல்ல வேண்டும். மாமா என்றால் சொந்தமில்லை, ஊர்ப் பழக்கத்துக்கு மாமா. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். மரக் கூண்டுக்குள் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்து, பஸ் வருகிற நேரத்தைக் குறித்துக்கொண்டு, மைக்கில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பார். கடைத்தெரு வரைக்கும் நாலு குழாய் ரேடியோ, நாலிலும் அவர் குரல்தான். ஊரில் அவர் குரல் கேட்காத காது கிடையாது, அவர் வீட்டில் தண்ணீர் குடித்த வாய் கிடையாது. வடக்குத் தெருக் கடைசி வீடு, கதவு திறந்தவன் வீடு.

முற்றுகையின் ஏழாம் நாள் விடியக்காலம் கோட்டையின் வடக்கு வாசலை உள்ளேயிருந்து திறந்துவிட்டவன் நல்லகுத்தாலம், அந்த வாசல் வழியாகத்தான் கும்பினிப் படை உள்ளே வந்தது, ஏன் திறந்தான் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. எங்கள் ஊர் சொல்லும், அவன் முள்ளிச்சேரிக்காரன், இங்கே பெண்ணெடுத்து வந்தவன். முள்ளிச்சேரி சொல்லும், அவன் கொம்புக்கோட்டையிலேயே பிறந்தவன், எங்கள் ஊர்க் காற்றே அவன் மேல் பட்டதில்லை. இருநூறு வருடத்தில் இரண்டு ஊரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், அவன் மற்ற ஊர்க்காரன் என்பது. ஆனால் வீடு இங்கே இருந்தது. அதனால் ஊர் அப்போதே ஒரு முடிவு சொன்னது, கோட்டைக் கதவைத் திறந்தவன் வம்சத்துக்கு வீட்டுக் கதவைப் பூட்டுகிற உரிமை கிடையாது, அந்த வீட்டுக்குத் தாழ்ப்பாள் கூடாது.

எழுதிவைத்த சட்டம் இல்லை. போலீஸ் வராது. மாமா மூன்று தடவை கோவில்பட்டியிலிருந்து தாழ்ப்பாள் வாங்கிவந்து அவரே அடித்தார். மூன்று தடவையும் அவர் வேலைக்குப் போன நேரத்தில் அது கழன்று, செய்தித்தாளில் பொதிந்து, டைம் கீப்பர் கூண்டில் அவர் மேசை மேல் இருந்தது, திருகாணி நாலும் சரியாக இருந்தது. யாரும் வையவில்லை, யாருக்கும் கோபமே இல்லை. கழற்றியது எங்கள் அப்பா. மரத்தில் கீறல் விழாமல் கழற்றத் தெரிந்தவர் என்று ஊர் அவரைத்தான் அனுப்பும். மூன்றாம் தடவை நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் கூண்டைத் தாண்டியபோது மாமா அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பன் கைவேலை சுத்தம்டி" என்றார். பாராட்டுத்தான். உடனே மைக்கைப் போட்டு தென்காசி பஸ்ஸைச் சொன்னார்.

அவர் மகள் செண்பகம் பத்தொன்பது வயதில் திருப்பூருக்குப் போனவள். போகிறவரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அம்மிக்கல்லை நகர்த்திக் கதவில் சாத்திவைத்துவிட்டுப் படுத்தவள். கல்யாணமும் அங்கேயே. "தாழ்ப்பா போட்டுட்டுக் கூப்பிடுங்கப்பா, வாரேன்" என்பதுதான் ஒவ்வொரு போனிலும் அவள் கடைசியாகச் சொல்வது. அம்மா செத்து ஆறு வருடம், செத்ததற்கு வந்து பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். அப்போது வயிற்றில் ஏழு மாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் பார்க்க வேண்டும், மாமாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

அதனால் தினமும் பத்து முப்பத்தைந்துக்குக் கூண்டைச் சாத்திவிட்டு மேட்டுக்கு வருவார், யாரும் நிற்காத பக்கமாகப் பார்த்து நிற்பார். தளவாய் நல்லகுத்தாலத்தின் பெயரைக் கூப்பிட்டால் அவனும் படையில் ஒருவன் என்று அர்த்தம், தளவாயே தன் ஆள் என்று சொன்னவனை ஊர் என்ன சொல்ல முடியும், தாழ்ப்பாள் போடலாம், போன் போடலாம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

"மாமா, உங்காளு பேரு வருமா?" என்று அறுபதாம் நாள் கேட்டேன்.

"வரிசையா வந்துட்டிருக்குல்லா. கடைசிப் பக்கம் இருக்கும்."

"வரலைன்னா?"

"நாலு பதினஞ்சு பஸ்சு நாலரை ஆயும் வரலைன்னா, வராதுன்னு நான் மைக்குல சொல்லியிருக்கேனா? தாமதம்னுதான்டி சொல்லுவேன்."

எண்பத்துமூன்றாம் நாள், "வெயிலுகந்தான்!" எங்கள் ஊர் ஆள் ஒருவர் பதில் சொன்னார், போனைப் பார்த்துக்கொண்டே. அதற்குள் ஊர் அப்படி ஆகிவிட்டிருந்தது. முதல் பத்து நாள் உள்ளேன் என்று சொன்னவர்கள் அழுதார்கள், அடுத்த பத்து நாள் மாலை போட்டுக்கொண்டு வந்தார்கள், பிறகு பல் விளக்கிக்கொண்டே, பிறகு மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டே. இருநூறு வருடம் அடித்துக்கொண்ட பெருமை காலில் முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம் மாதிரி ஆனது, அழுத்தினாலும் ஒன்றும் தெரியவில்லை.

எண்பத்துநாலாம் நாள் குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பால்வண்ணம் சார் நோட்டைக் கூட்டிப் பார்த்தார். ஊருக்கு நாற்பது. சரிபாதி. இருளாயியை எழுதவில்லை அல்லவா.

"சமமாப் போச்சேவே" என்றார், யாரோ செத்துப்போன மாதிரி. இரண்டு பேரும் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மேட்டில் மறுபடி ஆடுகள். மாமா மட்டும் ஒரு வாரம், பத்து முப்பத்தைந்துக்கு, யாரும் நிற்காத பக்கத்தில் நின்றார். இப்போது எல்லாப் பக்கமும் யாரும் நிற்காத பக்கம்தான். எட்டாம் நாள் சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தபோது கூண்டுக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அங்கயே பாத்துக்கம்மா. ஆசுபத்திரி பக்கம்தான? ஆங். நல்லதுதான். நான் வாரேன், பிள்ளை பெறந்ததும் பாக்க வாரேன்."

அவர் அழவில்லை. பஸ் அறிவிக்கிற அதே குரலில்தான் சொன்னார், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்பதுபோல. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நாலு நாப்பது போயிட்டுடி" என்றார். நான் கேட்கவே இல்லை.

எனக்கு இரக்கம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வந்தது விளையாட்டு. எண்பத்துமூன்று நாள் தளவாயைக் கேட்டிருக்கிறேன், அவர் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்து வெகுநாள் ஆகிவிட்டது, ஆனால் வெண்கலம் மட்டும் சரியாக வரவில்லை. கோட்டை மேட்டின் மேல் ஊராட்சி கட்டி, ஒரு நாளும் தண்ணீர் ஏறாமல் விட்ட தொட்டி ஒன்று இருக்கிறது, அதற்குள் இறங்கிப் பேசிப் பார்த்தேன். வந்துவிட்டது. இதுதான் திட்டம்: நான் தொட்டிக்குள்ளிருந்து நல்லகுத்தாலத்தைக் கூப்பிடுவேன், மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் மூச்சிரைக்க ஓடிவருவார், நான் தொட்டிக்கு மேல் தலையை நீட்டி, "அங்க என்ன சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" என்பேன். அவருக்கும் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அந்தக் குரல் மட்டும் என்னிடம் இல்லை.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, பத்து நாற்பது. சங்கரன்கோவில் பஸ்ஸின் ஆரன் கேட்டது. நான் மூச்சை இழுத்துக் கூப்பிட்டேன்.

"நல்லகுத்தாலம்!"

தொட்டி அதிர்ந்தது. வெளியே மேட்டு ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. முந்தின நாள் போலவே அன்றைக்கும் மாமா மேட்டுக்கு வராமல் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், மைக் ஓடிக்கொண்டிருந்தது, "சங்கரன்கோவில் வழியாக" என்று சொல்லி நின்றுவிட்டார். நாலு குழாய் ரேடியோவிலும் ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம். பிறகு, கடைத்தெரு கேட்க, பள்ளிக்கூடம் கேட்க, ஊர் முழுக்கக் கேட்க, அவர் சொன்னார்.

"உள்ளேன் அய்யா."

கொஞ்சம் இடைவெளி. "ராஜபாளையம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது."

அவ்வளவுதான். அவர் ஓடிவரவில்லை. நான் எடுத்துவைத்திருந்த தலைமையாசிரியை என் வாயிலேயே செத்துப்போனார். மதியம் வரைக்கும் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், வட்டமாகத் தெரிந்த வானத்தில் ஒரு பருந்து வந்தது, போனது. கை கால் மரத்துப்போனது, அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

நான் இறங்கி வந்தபோது ஊர் வேலையை முடித்திருந்தது. பிச்சுமணி பஸ் ஸ்டாண்டில் மாமாவின் தோளில் கைபோட்டு நின்றார், ஓடையைத் தாண்டிப் பால்வண்ணம் சார் நோட்டோடு ஓடிவந்திருந்தார்.

"நாப்பத்தொண்ணு! எங்க ஊரு நாப்பத்தொண்ணு! நல்லகுத்தாலம் முள்ளிச்சேரியில பெறந்தவன்னு நீங்கதானவே காலங்காலமாச் சொல்லுதீய?"

"அவன் பெறந்தது இந்த மண்ணு சார். நீங்கதான சொன்னீய, உங்க ஊர்க் காத்தே படாதவன்னு? இதுவும் எங்க ஊர்ப் பஸ் ஸ்டாண்டுல கேட்டுது, உங்களுக்கு என்ன தெரியும்?"

"எங்க ஊர்ல இதைவிடத் தெளிவாக் கேட்டுதுவே! எம் பொஞ்சாதி அடுப்பாங்கரையில கேட்டிருக்கா!"

முள்ளிச்சேரி இரண்டு கிலோமீட்டர். என் தொண்டை அவ்வளவு தூரம் போகாது. ஆனால் முள்ளிச்சேரியில் கேட்காத ஆள் ஒருவரும் இல்லை, காது கேட்காத கிழவர் ஒருவருக்குக்கூடக் கேட்டிருந்தது. இங்கே நான் சிரித்திருக்க வேண்டும். நீங்களும் வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

ஒரு வாரத்துக்குள் சரித்திரம் மாறிவிட்டது. நல்லகுத்தாலம் கதவைத் திறந்தது கும்பினியை உள்ளே விட இல்லை, வெளியே பாய்ந்து வெட்ட என்று பால்வண்ணம் சார் சிறுபுத்தகம் போட்டார். இல்லை, பெண்டு பிள்ளைகளைத் தப்பவிடத் திறந்தான் என்று பிச்சுமணி போஸ்டர் அடித்தார். இரண்டையும் எல்லோரும் ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்போலச் சொன்னார்கள். மாமாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது என்றும் யாருக்கும் தோன்றவில்லை, நேற்றுவரைக்கும் ஒரு மாதிரி, இன்றைக்கு ஒரு மாதிரி, அவ்வளவுதான். தாழ்ப்பாள் போடுகிற அன்றைக்கு எங்கள் ஊர் மேளத்தோடு ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் கொண்டுவந்தது. முள்ளிச்சேரியும் மேளத்தோடு இன்னொன்று கொண்டுவந்தது. யாருடையதை அடிப்பது என்று வடக்குத் தெருவில் இரண்டு மணி நேரம் சண்டை. கடைசியில் மேலே எங்களுடையது, கீழே அவர்களுடையது. இரண்டையும் அடித்தவர் எங்கள் அப்பா. மரத்தில் பழைய திருகாணித் துளைகள் மூன்று வரிசை இருந்தன. அவற்றை மெழுகு வைத்து அடைத்தார். வேலை முடிந்ததும் மாமா அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் நீட்டினார். அப்பா முழுவதையும் குடித்தார்.

செண்பகம் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், திரும்பி நின்று, மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். வெளியே நின்ற நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றோம்.

அதற்கப்புறம்தான் ஒன்று நடந்தது, ஊரில் யாரும் யோசிக்காதது. இருநூறு வருடமாக அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை. தள்ளினால் திறக்கிற கதவை எதற்குத் தட்ட வேண்டும்? ஆடு, நாய், மனிதர், யாராக இருந்தாலும் தள்ளிக்கொண்டு உள்ளே போவதுதான். இப்போது தட்ட வேண்டியிருந்தது. அதனால் உள்ளேயிருந்து யாராவது, "யாரு?" என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த வம்சத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் கோமதிநாயகம் மாமாதான். முதல்முறை அம்மா கொடுத்துவிட்ட முருங்கைக்கீரையோடு போய் நான் தட்டியபோது, உள்ளேயிருந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி, மெதுவாக, "யாரு?" என்றார். தன் குரல் நன்றாக இருக்கிறதா என்று அவரே கேட்டுக்கொள்வதுபோல் இருந்தது. நான் கண்டக்டர் குரலில், "டிக்கெட் எடுக்காதவங்க எல்லாம் எறங்கு" என்றேன். தாழ்ப்பாள் இரண்டும் திறந்தன, முகம் மலர்ந்து நின்றார்.

"சேர்மக்கனி கண்டக்டர்! ஆனா கையில கீரை இருக்கே!"

தினமும் ஆட்டம் இதுதான். பள்ளி விட்டதும் நேரே போவேன், தட்டுவேன், "யாரு?" என்பார், ஒரு குரலைக் கொடுப்பேன், அவர் உள்ளேயிருந்தே கண்டுபிடிப்பார். "பால்வண்ணம் சாரு." "ரேஷன் கடை மாரிக்கனி." "ஏட்டி, அது ஈனுத ஆடுல்லா." இருபது வருடம் மைக்கில் பேசியவர், குரலில் தப்பமாட்டார். கதவு மூடியிருந்தால் முகம் தெரியாது, குரல் மட்டும்தான், அதனால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று அவரே சொன்னார். உள்ளே செண்பகம் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இன்னைக்கு யாருப்பா?" என்பாள். ஒன்பதாம் மாதம். வீட்டில் தைல வாசம். எனக்குக் குரல்கள் தீர்ந்துகொண்டே வந்தன.

ஒரு விஷயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. ஏமாந்தவருக்குத் தான் ஏமாந்தது தெரியாத வரைக்கும் அது விளையாட்டே இல்லை, அது வேறு என்னவோ. ஊரே சிறுபுத்தகத்தை நம்பியது, போஸ்டரை நம்பியது, நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், எல்லோர் குரலையும் எடுத்தேன், எதுவும் என்மேல் ஒட்டவில்லை. என் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய விளையாட்டு, அதைத் தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்ததில்லை. சொல்லக்கூடாது என்றும் நினைத்ததில்லை.

நேற்று சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, போய்த் தட்டினேன்.

"யாரு?"

தொண்டைக்குள் தேடினேன். எல்லோரும் தீர்ந்துபோய், ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. தொட்டி இல்லாமல், எதிரொலி இல்லாமல், கதவு இடுக்கில் வாயை வைத்து, ரகசியம் சொல்லுகிற அளவுக்குத்தான் கூப்பிட்டேன்.

"நல்லகுத்தாலம்!"

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. காலடிச் சத்தம் கதவுவரைக்கும் வந்தது. மேல் தாழ்ப்பாள் திறந்தது. கீழ்த் தாழ்ப்பாள் பாதி வரைக்கும் நகர்ந்து, அங்கேயே நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது, நாலு குழாய் ரேடியோவில் அன்றைக்குக் கேட்ட அதே மூச்சு, இப்போது ஒரு விரல் தடிமன் பலகைக்கு அப்பால். பிறகு கீழ்த் தாழ்ப்பாள் திரும்பவும் பழைய இடத்துக்குப் போனது. மேல் தாழ்ப்பாளும் போனது.

"யாருப்பா இன்னைக்கு?" என்று உள்ளேயிருந்து செண்பகம் கேட்டாள்.

"கீரைக்காரிம்மா" என்றார் அவர், நன்றாக, சத்தமாக, பஸ் அறிவிக்கிற குரலில். அப்புறம் கதவு இடுக்குக்கு முகத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும், என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"அன்னைக்கும் நீதானாட்டி?"

என் வாயிலிருந்து எந்தக் குரலும் வரவில்லை.

"மெதுவாச் சொல்லு. எம்மவ முழிச்சிருக்கா."